துளியூண்டு வாசனை

புவெப்லா நகரத்து எரிவாயு நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் தொமித்தீலா வேலைக்குச் சேர்ந்து எண்பத்தாறு நாள் ஆகியிருந்தது. தொண்ணூறாவது நாளில் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரிந்துவிடும். செங்கல் சூளைக்காரர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்.

அவள் மேல் சொல்லப்பட்ட ஒரே குறை, அவள் பேச்சு. எல்லோரும் 'இன்ஜினியர்' என்று அழைக்கும் மேலாளர் இன்யாக்கி கடல்கடந்து மத்ரித்திலிருந்து வந்தவர். ஸ்பானியம் அவருக்கும் தாய்மொழிதான். ஆனால் அவர் ஊரில் எதையும் நேரே போட்டு உடைப்பார்கள்.

"ஒரு விலாசம் கேட்க எதுக்கும்மா மூணு மன்னிப்பு?"

"மன்னிச்சுக்குங்க, இன்ஜினியர்."

"பாருங்க, நாலாவது!"

அவளுக்கே சந்தேகம் உண்டு. எல்லாவற்றையும் சின்னதாக்கிப் பேசுவது குனிந்தே வாழ்ந்தவர்களின் பழக்கம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தன் வாய்க்குத் தானே காவல் நின்றாள்.

காலை பத்தரைக்கு ஓர் அழைப்பு. சந்தியாகோ பகுதியில் தனியாக இருக்கும் தோன்யா எர்மெலிந்தா என்ற மூதாட்டி.

"தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ கண்ணு. பெரிசா ஒண்ணுமில்ல. அடுப்படியில துளியூண்டு வாசனை. உங்களுக்கு ஒழிஞ்சப்போ யாரையாச்சும் அனுப்புங்க."

"எப்போலேர்ந்தும்மா?"

"நேத்துலேர்ந்து. தலையும் இத்துனூண்டு கிறுகிறுங்குது. உன் வேலையக் கெடுக்கிறேனோ?"

திரையில் இன்யாக்கியின் விதி இருந்தது: லேசான வாசனை என்றால் மூன்று நாளுக்குள் ஆள் போகலாம். அவசர வண்டியை வீணாக அனுப்பியவர் நிரந்தரமாக முடியாது.

ஆனால் அவள் அம்மா, குடல்வால் வெடித்த அன்றுகூட, 'வயித்துல சின்னதா ஒரு பிடிப்பு' என்றுதான் சொன்னாள். இந்த ஊரில் நோவு எவ்வளவு பெரிதோ, சொல் அவ்வளவு சிறிது. அடுத்தவருக்குத் தொல்லை தரக் கூசும் ஒருத்தி போனை எடுத்துவிட்டாள் என்றாலே காரியம் கைமீறிவிட்டது.

அவசர வண்டிக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"பெரிய மனசு பண்ணி, எந்த சுவிட்சையும் தொடாம, அப்படியே தெருவுக்கு வந்திருங்கம்மா. வண்டி வருது."

"அய்யோ, வண்டியெல்லாம் எதுக்கு? வெட்கமா இருக்கு!"

"எனக்காக வாங்கம்மா."

கிழவி உடனே வெளியேறினாள். 'உங்களுக்காக' என்றிருந்தால் அசைந்திருக்க மாட்டாள்.

இன்யாக்கி மேசை முன் வந்து நின்றார். "அந்தம்மாவே சின்ன விஷயம்னுதானே சொன்னாங்க!"

"அதனாலதான் அனுப்பினேன், இன்ஜினியர்."

இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் அடுத்தடுத்த அழைப்புகளை எடுத்தாள். பிறகு வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் வந்தார்.

"குழாய் பாதி அறுந்து தொங்குது. அடுப்படி முழுக்க வாயு. ஒரு தீக்குச்சி கிழிச்சிருந்தா வீட்டு வரிசையே போயிருக்கும். அந்தம்மா வாசல்ல உக்காந்துகிட்டு, எங்களுக்குக் காபி போட்டுத்தர முடியலையேன்னு புலம்புது."

இன்யாக்கி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொண்ணூறு நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நீங்க நிரந்தரம். இந்த விதியை நீங்களே திருத்தி எழுதுங்க. எனக்குப் புரியற மாதிரி."

தொமித்தீலா விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டாள். முதல் வரி தயங்காமல் வந்தது: 'அழைப்பவர் ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்னால், வண்டியைக் கிளப்பவும்.' அடியில், அந்த ஊர் முறைப்படி அப்பாவின் குடும்பப் பெயர், அம்மாவின் குடும்பப் பெயர் இரண்டையும் சேர்த்துத் தன் பெயரை முழுதாகப் போட்டாள்.