மச்சான், ஜாக்கெட்டைப் போடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டார். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். உடனே கேட்டார். மறுபேச்சு இல்லை.

அந்தப் பெண் நான் இல்லை.

நடந்த இடம் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரை. "மச்சான், ஜாக்கெட்டைப் போடுங்க" என்றாள். போட்டார். "பூட்டுங்க" என்றாள். நெஞ்சில், வயிற்றில், இடுப்பில் என்று எல்லாப் பூட்டையும் பூட்டினார். டக்... டக்... டக். ஒவ்வொரு சத்தமும் என் காதில்தான் விழுந்தது.

இதில் என்ன இருக்கிறது, படகில் ஏறுகிறவர் லைஃப் ஜாக்கெட் போடுவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் உங்களுக்கு என் வீட்டுக்காரரைப் பற்றித் தெரியாது.

அவர் வட்டகொடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தினமும் காலையில் ஹட்டனில் இருந்து பைக்கில் போகிறார். ஹெல்மட் உண்டு. அதைத் தலையில் வைப்பார் — ஆனால் தாடைக்குக் கீழே பட்டியை மட்டும் பூட்ட மாட்டார். கழுத்தை அறுக்கிறதாம். "பொலிஸ்காரன் ஹெல்மட்டத்தான் பாக்குறான், பட்டியவா பாக்குறான்?" என்பது அவருடைய வாதம். கணக்கு வாத்தியாரிடம் வாதாடி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

போன மழைக்காலத்தில் தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், பனிமூட்டத்தில் சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ஹெல்மட்? அது அவருக்கு முன்னாலேயே கழன்று உருண்டு போய்த் தேயிலைக்குள் கிடந்திருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எடுத்துவந்து கொடுத்தாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் இதை ஒரு ஜோக் மாதிரிச் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் அன்றிலிருந்து, நான் வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆபீசில் போன் அடித்தால் என் கையில் சாக்பீஸ் நின்றுவிடும். யாராவது என்னைத் தேடி வராந்தாவில் வருகிறார்களா என்று பார்ப்பேன். வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மீதியை எழுதுவேன்.

கெஞ்சிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தேன் — அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு சொல்லுக்கு டக், டக், டக் என்று பூட்டுகிறார். பொறாமை வருமா, வராதா?

அதுவும் யார் சொல்லுக்கு? சுகந்தியின் சொல்லுக்கு!

சுகந்தி என் கணவரின் தாய்மாமன் மகள். முறைப்பெண். எனக்கு முன்னால் அவருக்குப் பேசி, ஜாதகம் பொருந்தாமல் விட்டுப்போன சம்பந்தம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மாமியாரைத் தெரிந்திருக்கும். அவருக்குச் சோறு குழைந்தால் சுகந்தி ஞாபகம் வரும். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும் சுகந்திதான். "ம்... எங்கண்ணன் மகள எடுத்திருக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் ஒன்றும் பதில் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சுகந்தி கல்யாணம் முடித்து, புருஷன் லொறி ஓட்ட, தான் மாலைதீவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் படகுப் பிரிவில் வேலை பார்த்து, திரும்பி வந்து, இப்போது மவுசாகலையில் சின்னதாக ஒரு மோட்டார் போட் வைத்திருக்கிறாள். உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறாள். அவளேதான் ஓட்டுகிறாள்.

போன வாரம் போன் எடுத்தாள். எனக்கல்ல, அவருக்கு. தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டதாம். அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரிகிறதாம். அத்தையைக் கூட்டிவந்து காட்டுங்கள் மச்சான் என்று சொல்லியிருக்கிறாள். மாமியார் முதல் நாளே சேலை எடுத்து வைத்துவிட்டார். நானும் எடுத்து வைத்தேன். புதுச் சேலை. காரணம் கேட்காதீர்கள்.

அவர், மாமியார், எங்கள் மகள், நான் — நாலு பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிற சீசன் கூட்டம் பஸ் நிறைய. கரையில் சுகந்தி நிற்கிறாள். ஜீன்ஸ், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு, ஆனால் பார்த்தால் காலேஜ் பிள்ளை. என் புதுச் சேலைக்கு மேலே ஒரு செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள். தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றது போல இருந்தது. சேலையின் கரை மட்டும் கீழே கொஞ்சம் தெரிந்தது.

பூட்டிய பிறகு ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். காதுவரை ஏறி வந்தால் தண்ணீரில் கழன்றுவிடுமாம். மகளுக்குச் சின்ன சைஸ் ஒன்று கொண்டுவந்து, கால்களுக்கிடையே ஒரு பட்டியும் போட்டு, தூக்கிப் பார்த்தாள். சரி. குழந்தை. பார்க்க வேண்டியதுதான். அவரையும் தூக்கிப் பார்க்க வேண்டுமா?

அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது சீசனுக்கு வந்த மூன்று இளைஞர்கள் தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். நெருக்கி உட்கார்ந்தால் இடம் இருந்தது. இடம் இருக்கலாம், போட் தாங்காது என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவிட்டாள். என் கணவர் என் பக்கம் குனிந்து, "பாத்தியா, எவ்வளவு கண்டிப்பு" என்றார்.

கவனியுங்கள். நான் கண்டிப்பாக இருந்தால் அதற்குப் பெயர் நச்சரிப்பு. அவள் கண்டிப்பாக இருந்தால் கண்டிப்பு.

பிறகு உட்கார வைத்தாள். அதற்கும் ஒரு கணக்கு. "அத்தையும் பாப்பாவும் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு அக்கா ஒரு ஆள் போதும்." நியாயமாகத்தான் சொன்னாள். படகு சரியாமல் நிற்க வேண்டும் அல்லவா? ஆனால் ஒரு மாமியாரும் ஒரு மகளும் சேர்ந்தால்தான் நான் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் எங்கே? முன்னால். சுகந்திக்குப் பக்கத்து ஸீட்டில்.

எஞ்சின் சுவிட்சில் இருந்து வந்த ஒரு சிவப்புச் சுருள் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அது எதற்கு என்று அவர் கேட்டார் — வீட்டில் மிக்ஸி பழுதானால்கூட எதற்கு, ஏன் என்று கேட்காதவர். தான் தவறி விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும் என்றாள். கயிற்றை மாட்டாவிட்டால் எஞ்சின் எடுக்கவே எடுக்காதாம். அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

கிளம்பும் முன் ஒன்று சொன்னாள். "நம்ம ஆளுங்க கோவிலக் கண்டதும் எந்திரிச்சு எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சிருவாங்க. அதனால நான் போட்டையே சாமிக்கு நேரா திருப்பி நிப்பாட்டிருவேன். உக்காந்த எடத்துல இருந்தே கும்பிடலாம்."

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "சாமிய உக்காந்துகிட்டா கும்பிடுறது?" என்றார்.

"சாமியே தண்ணிக்குள்ள உக்காந்திருக்காரு அத்த. நாம உக்காந்தா கோவிச்சுக்க மாட்டாரு."

மாமியார் சிரித்துவிட்டார். நான் சொல்லியிருந்தால்? அந்தச் சுவர்தான்.

படகு போனது. நன்றாகவே ஓட்டினாள் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். திரும்புவதற்கு முன் எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று சொன்னாள். அடிக்கொரு தரம் பின்னால் பார்த்து எங்களை எண்ணிக்கொண்டாள். இரண்டு கரையிலும் தேயிலை, நேரே தூரத்தில் சிவனொளிபாத மலை, முன்னால் அவர்கள் இருவர் தலை. நான் பெரும்பாலும் தலைகளைத்தான் பார்த்தேன்.

கோவில் வந்தது. சேறு படிந்த கல்தூண்கள், பாதி நீரில் ஒரு சுவர், மேலே யாரோ போட்டுவிட்டுப் போன காய்ந்த மாலை. சொன்னபடியே சுகந்தி படகின் முகத்தைச் சாமிக்கு நேராகத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு? முன்னால் அவர் தலை, பக்கத்தில் அவள் தொப்பி. அவள் குனிந்து எதையோ காட்ட, அவரும் குனிய... நான் எழுந்தேன்.

சாமியைப் பார்க்கத்தான் எழுந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். சாமி நம்ப மாட்டார்.

எழுந்து இடது பக்கம் ஓர் எட்டு வைத்தேன். மருமகளே எழுந்து கும்பிடுகிறாள் என்று நினைத்து மாமியாரும் கைகூப்பி எழுந்துவிட்டார். பாட்டி எழுந்தால் பேத்தி சும்மா இருப்பாளா? படகு இடது பக்கம் சடாரென்று சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்து மாமியாரின் சேலையை நனைத்தது. மகள் "அம்மா" என்றாள். எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மலையில் பிறந்தவர்களுக்கு யார் நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள்?

சுகந்தி கத்தவில்லை. "அக்கா, அப்படியே கீழ உக்காருங்க. அத்த, நீங்களும். பாப்பா, உக்காரு" என்றாள். நின்ற இடத்திலேயே, படகின் தரையில் உட்கார்ந்தோம். அம்மாவைப் பிடிக்க என் கணவர் எழப் போனார். அவள் அவர் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள். "நீங்க எந்திரிச்சா எல்லாரும் தண்ணியிலதான் மச்சான்."

படகு ஆடி ஆடி நேரானது. மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஜாக்கெட்டின் பூட்டு என் கன்னத்தில் குத்தியது. அழுகை வந்தது. சுகந்தி போட்டுவிட்ட ஜாக்கெட், சுகந்தி இழுத்துப் பார்த்த பட்டி — அந்த நிமிடத்தில் அவள் காலில் விழுந்திருப்பேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் அவள் கை இன்னும் அவர் தோளில் இருந்தது. நான் காலில் விழவில்லை.

கரைக்கு வந்து, மாமியாரும் மகளும் வெயிலில் சேலையைக் காய வைத்துக்கொண்டிருக்க, சுகந்தி ஃபிளாஸ்க்கில் இருந்து எனக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். நான் எழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. கடைசியில் நானே கேட்டேன். ஒரு சொல்லுக்கு எல்லாரையும் கேட்க வைக்கிறாயே, எப்படி?

அவள் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றைக் காட்டினாள். "இதப் போட்டாத்தான் போட் அசையும். எல்லாரும் பூட்டுற வரைக்கும் நான் இதப் போட மாட்டேன். நான் எங்க ரெண்டாந்தரம் சொல்றேன்? சும்மா நிப்பேன், அவ்வளவுதான்."

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். அவள் புருஷன் நுவரெலியாவில் இருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவைத்துவிட்டு, அதன் மேல் சாய்ந்துகொண்டு ஓட்டுவாராம். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாளாம்.

"போட் சட்டத்த வீட்டுக்குக் கொண்டாராதங்கிறாரு அக்கா. அவரு வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது. உங்கள நெனச்சாப் பொறாமையா இருக்கு. மச்சான் ஒரு சொல்லுக்கே கேக்குறாரே... வீட்டுல நீங்க பழக்கி வச்சிருக்கீங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தேயிலைக்குள் உருண்ட ஹெல்மட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆமா, கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்" என்றேன். பிளேன்டி நன்றாக இருந்தது. இன்னும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை. பைக் சாவி ஆணியில் இல்லை. அவர் மேசையில் தேடினார், சட்டைப் பையில் தேடினார், மாமியாரைக் கேட்டார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் தலையில் ஹெல்மட் இருந்தது, பட்டி இரண்டு பக்கமும் தொங்கியது.

"சாவியக் குடு, மணியாச்சு" என்றார். சும்மா நின்றேன். சிரித்துப் பார்த்தார். முறைத்துப் பார்த்தார். ரோட்டில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

டக்.

கல்யாணமான நாளில் இருந்து எனக்காக அவர் பூட்டிய முதல் பூட்டு அது. கிட்டப் போய், பட்டியை இழுத்துப் பார்த்தேன். பிறகு ஹெல்மட்டைப் பிடித்து மேலே தூக்கியும் பார்த்தேன். வரவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, திரும்பிப் பார்த்து, சந்தோஷமாகச் சொன்னார்: "இப்பத்தான் நீ அப்படியே சுகந்தி மாதிரி இருக்க."

அன்று நாலாம் பாடவேளையில் ஆபீசில் போன் அடித்தது. என் சாக்பீஸ் நிற்கவில்லை. வரியை எழுதி முடித்தேன்.

ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர்தான். அந்த வார்த்தையைச் சாவி கைக்கு வந்த பிறகு சொன்னார். முன்னால் சொல்லியிருந்தால், அன்று வட்டகொடைக்கு ரயிலில்தான் போயிருப்பார்!