மோகனூருக்கு வந்த ஜப்பான் மந்திரி

மொழிபெயர்ப்பாளர் வேலையில் பேசுவது யாரோ, பேச்சு வாங்குவது நாம். மாமியாருக்கும் கணவருக்கும் நடுவே தூது போய் நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மாபேட்டைக்காரியான நான் ஜப்பானிய மொழி படித்து இந்த வேலைக்கு வந்தேன். நான் மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போன ஜப்பானியர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. பெயர் வேண்டாம், மந்திரி என்றே வைத்துக்கொள்வோம்.

அப்பாவின் நாற்காலி

முதல் தடவை வந்தபோது அவர் வெறும் எம்.பி. பழமை மாறாத கட்சி, பழமை மாறாத ஆள். மோகனூர் வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. பழனிச்சாமி அய்யாவின் கோழிப்பண்ணைக்கு அழைத்துப் போனேன். ஒரு முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு, "நல்ல முட்டை" என்றார். அய்யாவுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

அய்யாவின் மனைவி சரசம்மா இலை போட்டார். சாப்பிடும்போது மந்திரி தன் கதையைச் சொன்னார். அப்பா ஜெயித்துவந்த தொகுதி; அவர் இறந்ததும் இவருக்கு வந்தது. அதைத் தோற்றுவிட்டால் அப்பா படத்தின் முன்னால் எப்படி நிற்பது என்பதுதான் ஒரே பயம். நான் தமிழில் சொல்லி முடித்ததும் அய்யா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இதையச் சொல்லவா அம்மிணி இத்தனை தூரம் வந்தாரு? இங்கயும் அதேதானுங்களே" என்றார்.

முடியாது

அடுத்த முறை அவர் விவசாய மந்திரி. முன்னும் பின்னும் கார்கள். அய்யா கேட்டது ஒன்றுதான்: நாமக்கல் முட்டையை ஜப்பானுக்குள் விட வேண்டும். கூட வந்த அதிகாரி நெளிந்தார். அவர்கள் ஊரில் மறுப்பதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். மந்திரியோ நேராகவே சொன்னார்: "முடியாது. என் ஊர்ப் பண்ணைக்காரர்கள் போட்ட ஓட்டில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்."

ஒரு சொல் குறையாமல் அதைத் தமிழில் சொன்னேன். அய்யா கோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நம்மளுக்காக எவனாச்சும் இப்படி முடியாதுன்னு சொல்லியிருப்பானான்னு யோசிக்கறேன் அம்மிணி" என்றார்.

சொல்லாமல் விட்டது

பிறகு மந்திரியின் அரசாங்கமே வெளிநாட்டு முட்டைக்கு வழிவிட முடிவு செய்தது. அவருக்குச் சம்மதமில்லை, கட்சிக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். ஊர்க்காரர்கள் மன்னிக்கவில்லை. அடுத்த தேர்தலில் அப்பாவின் நாற்காலி போய்விட்டது.

போன வருடம் சரசம்மா இறந்துபோனார். செய்தியை மந்திரிக்கு நான்தான் தெரிவித்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. கொடியும் கார் வரிசையும் இல்லாமல், என்னோடு ஒரு வாடகைக் காரில் வந்து, அய்யாவின் பக்கத்தில் பாயில் கால் மடக்கி உட்கார்ந்தார். இருவரும் பேசவே இல்லை. எனக்கு வேலையில்லை, அழுகைதான் வந்தது.

எழுந்து குனிந்து வணங்கியவர், அவர்கள் வழக்கப்படி, "மறுபடியும் வருகிறேன்" என்றார். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அதை நான் தமிழில் சொல்லவில்லை.

"என்ன சொன்னாரு அம்மிணி?" என்று அய்யா கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. "வாரேன்னுதான சொன்னாரு? பதவி போன மனுசனுக்குப் போறதுக்கு எத்தனை ஊடு இருக்குமோ. வரட்டும்னு சொல்லு சாமி."

கூலி வாங்கிக்கொண்டு நான் சொல்லாமல் விட்ட ஒரே வாக்கியம் அது. அதுவும் என் தயவில்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது.