கிளி விரட்டும் பாட்டு

ராயபுரம் பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோதுதான் இடது காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். சென்ட்ரலிலிருந்து அவ்வளவு தூரமும் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். மிச்சமிருந்ததையும் கழற்றி ஓரமாக வீசிவிட்டு மேலே நடந்தேன். எனக்குப் பதினோரு வயது. புதுச் சட்டை, புதுக் கால்சட்டை. அத்தை தலையில் தடவிய எண்ணெய் கன்னம்வரை வழிந்திருந்தது. பார்த்தவர்கள் கல்யாணத்துக்குப் போகிற பையன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் வீராப்பு ஒன்றும் இல்லை. நின்றால் அழுகை வருகிறது, நடந்தால் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தேன். பின்னால் வந்த வருடங்களில் அந்தக் கண்டுபிடிப்பை அளவுக்கு மீறியே பயன்படுத்திவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் போக வேண்டிய வண்டி கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

அப்பா மிஷனரி. அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளை அங்கி, நீளத் தாடி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என் அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர். ஒரு சபைக் கூட்டத்தில் திடீரென்று எழுந்து, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒடிசாவுக்குள் ஒரு மலை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மணி நேர நடை. அங்கே இவர்கள் மருந்து கொடுத்தார்கள், எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், ஜெபம் செய்தார்கள். மலைக்காரர்கள் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைவிட அதிகம் என்று அம்மா சொல்வாள். இவர்களுக்கு விறகு கட்டத் தெரியாது, ஓடைக் கல்லில் வழுக்காமல் நடக்கத் தெரியாது, எந்தக் கிழங்கைத் தின்றால் நாக்கு அரிக்கும் என்று தெரியாது. இப்படி ஒன்றுமே தெரியாத இரண்டு பேர் சொந்த ஊரை விட்டு எதற்கு வந்தார்கள், அங்கே எதையாவது திருடிவிட்டு ஓடி வந்திருக்கிறார்களா என்று முதல் வருடம் முழுக்க ஊரில் சந்தேகம் இருந்ததாம்.

நான் அந்த மலையில்தான் பிறந்தேன். எனக்குப் பிறகு பிறந்த பாப்பா மழைக்காலத்துக் காய்ச்சலில் இரண்டே நாளில் போய்விட்டது. புதைத்து ஒரு மாதத்துக்குள் என்னைத் திருவொற்றியூரில் அப்பாவின் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. பாப்பா செத்ததற்கும் என்னை அனுப்பியதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். என்ன தப்பு என்பதுதான் பிடிபடவில்லை.

அத்தை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, ஹார்பரில் வேலை செய்தார். சபைக்கு வரமாட்டார். அப்பா கோடையில் ஊருக்கு வந்து சபைகளில் பேசிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்தபடி வரவேற்பார்.

"வா மச்சான். நீ மலைக்குப் போய்ட்டு வந்தா கை தட்றாங்கோ. நானும் தெனம் ஹார்பருக்குப் போய்ட்டு வரேன், ஒரு நாய்கூட அல்லேலூயா சொல்ல மாட்டேங்குது."

அப்பா சிரிப்பார். மேடையில் பைபிள் தமிழ் பேசுகிறவர், மாமாவிடம் வந்துவிட்டால் காசிமேட்டுக்காரர் ஆகிவிடுவார்.

மிஷனரி ஞாயிறு என்று ஒன்று உண்டு. அன்றைக்கு அப்பா மலையைப் பற்றிப் பேசுவார், நான் மலைப் பாஷையில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது தினைக் கொல்லையில் காவல் இருக்கும் பிள்ளைகள் கிளி விரட்டப் பாடுவது. அப்பா அதை மறைத்ததில்லை. ஆனாலும் எங்கள் சபையில் கண்ணை மூடிக்கொண்டு எதைப் பாடினாலும் அது கீர்த்தனையாகிவிடும். நான் ஒரு வரி பாடி நிறுத்துவேன், அப்பா அதற்கு அர்த்தம் சொல்வார், சனங்கள் ஆமென் என்பார்கள். முதல் இரண்டு கோடையில் நன்றாகவே பாடினேன். அடுத்த இரண்டு கோடையில் அவர்கள் ஊருக்கே வரவில்லை.

ஐந்தாவது கோடையில் வந்தார்கள். குழாயடியில் அம்மா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"இந்த வாட்டி புள்ளைய இட்டுனு பூடலாம்னு கீது அண்ணி. அந்தப் பேச்சு மறக்காம இருந்தான்னா அங்கியே இஸ்கூல்ல சேத்துக்குவாங்கோ."

"மறந்துட்டா?"

அம்மா குடத்தை நகர்த்தி வைத்தாள்.

நான் தண்டவாளத்துப் பக்கம் போய் உட்கார்ந்து எனக்கு என்னவெல்லாம் நினைவிருக்கிறது என்று பார்த்தேன். தண்ணீருக்கு ஒரு சொல் வந்தது. நாய்க்கு ஒன்று வந்தது. பாட்டின் முதல் வரி வந்தது. அதற்குமேல் ஈரமண் வாசனையும், என்னை முதுகில் கட்டிக்கொண்டு நடந்த ஒரு பெண்ணின் கழுத்து மணிகளும்தான் வந்தன. சொல் எதுவும் இல்லை. அம்மாவிடம் கேட்டால் மறந்துவிட்டது தெரிந்துவிடும். கேட்கவில்லை.

எங்கள் சபை ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே. ஜெபம் சூடு பிடிக்கும்போது பலர் அந்நிய பாஷையில் பேசுவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கே தெரியாது, ஆவியானவர் கொடுப்பது. மீன் விற்கும் ஒரு பெரியம்மா அப்படிப் பேசி முடித்ததும் சில நாள் பாஸ்டர் எழுந்து அதற்கு அர்த்தம் சொல்வார். நான் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்.

அந்தக் கோடையின் மிஷனரி ஞாயிறன்று மைக்கைப் பிடித்தேன். முதல் வரியைப் பாடினேன்.

"பச்சைக் கிளியே, எங்கள் தினையை விட்டுப் பறந்து போ" என்றார் அப்பா.

ராகம் எனக்கு மறக்கவில்லை. இரண்டாவது வரிக்கு வாயில் வந்த எழுத்துகளையெல்லாம் போட்டு அந்த ராகத்தில் இழுத்தேன். கண்டெய்னர் லாரிக்காரர்களிடம் கேட்ட இந்தியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

அப்பா என்னைப் பார்த்தார். பாஸ்டர் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தூரத்தில் இருக்கும் பிள்ளையே, உன் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் தினமும் விளக்கு ஏற்றுகிறோம்."

"ஆமென்" என்றார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் வாய்க்கு வந்ததைப் பாட, அதற்கு அர்த்தம் இருக்கிறது! மூன்றாவது வரியை இன்னும் சத்தமாகப் பாடினேன்.

"நீ எங்களை மறந்தாலும் பரவாயில்லை. நீ பிழைத்திரு" என்றார் அப்பா. சபையில் பாதிப் பேர் அழுதார்கள். கீழே இறங்கியதும் மீன்காரப் பெரியம்மா என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள்.

"இன்னாமா பாடுச்சி புள்ள! எனுக்கு ஒடம்பே சிலுத்துக்கிச்சி!"

அம்மா மட்டும் தலையைத் தூக்கவில்லை. முந்தானையின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அந்தப் பாட்டின் மிச்ச வரிகளை வெகுநாள் கழித்து அம்மாவே எனக்குச் சொன்னாள். கிளியின் மூக்கைப் பற்றி ஒரு வரி, கவண்கல்லைப் பற்றி ஒரு வரி. பிள்ளையும் இல்லை, விளக்கும் இல்லை. வீட்டில் அப்பா என்னிடம் அப்படியெல்லாம் ஒரு நாளும் பேசியதில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆவியானவர் எனக்கு மலைப் பாஷையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினேன். அப்பா தரையில் உட்கார்ந்து, மலைக்குக் கொண்டுபோகும் இரும்புப் பெட்டியில் மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனுக்கு பாஷ வந்துச்சி. நானும் வரேன்."

அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து மலைப் பாஷையில் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம், கேள்வி மாதிரி இருந்தது.

"ஆமா" என்றேன்.

"இன்னா கேட்டேன், சொல்லு."

"தண்ணி வேணுமான்னு."

அப்பா பெட்டியின் மூடியைச் சாத்தினார். "பசிக்கிதான்னு கேட்டேன்டா" என்றார். "வா, துன்னலாம்."

சாப்பிடும்போது மற்றதைச் சொன்னார். "நீ இங்கியே இரு. இஸ்கூல் கீது. ரெண்டு தெரு தாண்டுனா டாக்டர் கீறாரு."

டாக்டருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. எனக்கு ஒரு வியாதியும் இல்லை. ஆவியானவர் பாஷையை ஒரு காலைக்கு மட்டும் இரவல் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டாரே என்று அவர்மேல்தான் கோபம் வந்தது. மாமா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். அன்றைக்கு அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வண்டி. வழியனுப்ப அத்தையும் நானும் போயிருந்தோம். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. நான் காணாமல் போய்விட்டால் இவர்கள் வண்டி ஏற மாட்டார்கள். அவ்வளவுதான் திட்டம். பாட்டிலில் தண்ணீர் பிடித்துவர அனுப்பினார்கள். நான் பிளாட்பாரத்தின் கோடியில் குவித்துவைத்திருந்த பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

அப்பா இரண்டு தடவை அந்தப் பக்கமாக வந்தார். என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். கையை நீட்டினால் அவர் காலைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். அம்மா ரயில் பெட்டிக்குள் இருந்தாள், ஜன்னல் கம்பிகளுக்கிடையே அவள் கை தெரிந்தது. அத்தை இங்கும் அங்கும் ஓடினாள். விசில் ஊதினார்கள்.

"நீங்க ஏறுங்கோ!" அத்தை கத்தினாள். "நான் பாத்துக்கறேன், எங்க பூடுவான்!"

அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு ஓடிப்போய் ஏறினார்.

வண்டி நகரத் தொடங்கியது. எனக்கு அது போதும். மூட்டைகளுக்குப் பின்பக்கமாக நழுவி, சுமை தூக்கிகள் போகும் வழியாக வெளியே வந்துவிட்டேன். செருப்பு அங்கேதான் எங்காவது கழன்றிருக்க வேண்டும்.

ராயபுரம் தாண்டி, காசிமேடு தாண்டி, கடலோரச் சாலையைப் பிடித்து நடந்தேன். திருவொற்றியூரில் அத்தை வீட்டுத் தெரு வந்தது. அங்கே போனால் அத்தை திட்டுவாள், பிறகு சோறு போடுவாள், நான் தின்பேன், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. தெருவைத் தாண்டி நடந்தேன். எர்ணாவூர்ப் பக்கம் கால் ஓய்ந்ததும், அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த பாறைகளில் தட்டையான ஒன்றைப் பார்த்துப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது சாலையில் ஹார்பருக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. அங்கிருந்த பாலத்தின் ஏற்றத்தில் நின்ற ஒரு வண்டியிலிருந்து, பல் குச்சியை மென்றபடி ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, மாப்ள மாரி டிரெஸ் போட்டுனு கல்லு மேல குந்தினுகீற?"

நான் எழுந்து நின்றேன்.

"வேல செய்றியா? கிளீனர் பையன் எஸ்கேப் ஆய்ட்டான். வண்டி நகந்தா டயர்ல கீற கட்டைய எடுக்கணும், நின்னா போடணும். நான் ரெண்டு ராத்திரியா கண்ணு மூடல."

"செய்றேன்."

"வூட்ல யாரு கீறாங்கோ?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா? வானத்துலேந்து குதிச்சியா?"

"அப்பா அம்மா மலைக்குப் போய்ட்டாங்கோ."

"எந்த மல? திருப்பதியா?"

"அதுக்கும் மேல."

அவர் என்ன நினைத்தாரோ, அதற்குமேல் கேட்கவில்லை. பாதி டீயை என்னிடம் நீட்டினார்.

மலைக்குப் போனது அப்பா மட்டும்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வண்டி நகர்ந்த பிறகு அம்மா நடைவழிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவுக்கு வந்து பிளாட்பாரத்தில் குதித்திருக்கிறாள். அப்பா இறங்கவில்லை. அவருடைய இரும்புப் பெட்டி நிறையக் காய்ச்சல் மருந்து இருந்தது, மலையில் மழை சீக்கிரம் தொடங்கிவிடும். அதைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை. நான் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அம்மா முழங்காலில் கட்டோடு ராயபுரத்தில் கடை கடையாக நின்று, இவ்வளவு உயரம் இருப்பான் என்று கையால் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்திலேயே நின்றதாம். ஒவ்வொரு கடையிலும் அத்தைதான் அதைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டிருக்கிறாள்.

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. டிரைவர் கதவைத் தட்டினார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து கட்டையை இழுத்தேன். என் கைக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. யாருமில்லாத பையன் செய்ய வேண்டிய வேலை என்று நினைத்து இரண்டு கையாலும் இழுத்தேன்.