வலையில் கட்டிய யானைப்படை

என் மேசைமேல் ஒரு ஈய யானை நிற்கிறது. கட்டைவிரல் உயரம்தான், ஆனால் கையில் எடுத்தால் கனம் தெரியும். தும்பிக்கை பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது. முதுகிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு துளை. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, பன்னியா?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ராயபுரத்தில் ரோமாபுரிப் படையையே சுற்றி வளைத்த யானை ஐயா அது! அதை வார்த்தவள் என் அண்ணி.

எழுபதுகளின் தொடக்கம். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் டைப்பிஸ்ட். கப்பலில் வந்துபோகும் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் எங்கள் மாதா கோயில் ஹாலுக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். பெரிய மேசை, அதன்மேல் பச்சைத் துணி, இரண்டு பக்கமும் பொம்மைப் படைகள். பழங்காலத்துப் போர் மட்டும்தான், துப்பாக்கிக்கு இடமில்லை. வாள், வேல், குதிரை, யானை. ஸ்கேல் வைத்து அளந்துதான் படையை நகர்த்த வேண்டும். மோதினால் பகடை உருட்ட வேண்டும். துறைமுகத்து ஆட்களும் ரயில்வே ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கேயே பழியாய்க் கிடப்பார்கள். விதிகளை ஸ்டென்சிலில் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். அடித்த கைக்கே மனப்பாடமாகிவிட்டது. இருவர் சேர்ந்து ஒரு படையை நடத்தும் போட்டி என்று அறிவித்ததும் நானும் அண்ணியும் பெயர் கொடுத்தோம். "பொம்பளைங்களா?" என்று ஒருவர் இழுத்தார். "கூடாதுன்னு எந்த வரியில கீது, காட்டுங்க. அடிச்சவளே நான்தான்," என்றேன். 

பெயர் கொடுத்தாயிற்று, படைக்கு எங்கே போவது? மற்றவர்கள் சீமையிலிருந்து வரவழைத்தார்கள். அண்ணி நெட்டுக்குப்பத்துக்காரி, மீனவர் வீட்டுப் பெண். பிறந்த வீட்டில், கிழிந்துபோன பழைய வலையிலிருந்து அவிழ்த்த ஈயக்குண்டுகள் ஒரு மூட்டை கிடந்தன. வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அடிக்கயிற்றில் கட்டும் குண்டுகள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களோடு நிற்கும் யானையை வைத்து அச்சு எடுத்தோம். சிப்பாய்க்குக் குடிலின் இடையனே அச்சு, கைக்கோலை வேலாக்கிவிட்டோம். கொல்லையில் ஈயம் உருகும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் யானை அச்சிலிருந்து விழுந்ததும் முந்தானையில் துடைத்து, "இந்த வூட்டுக்கு வந்து எனக்குன்னு நான் பண்ண மொத சாமான் இதாண்டி," என்றாள். படகுக்கு அடிக்கும் பெயின்டைப் பூசினோம். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் எங்களுடையது.

நாங்கள் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்த நேரத்தில் அவள் தம்பி வந்து நின்றான். "அக்கா, புது வலை கட்டி முட்ச்சாச்சு. எனுக்கு ஈயம் வோணும். பொம்மைய வெச்சுகினு இன்னா பண்ணப் போற?" அவன் கேட்டதில் தப்பில்லை, அது அவன் பிழைப்பு. அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் குரல் இறங்கவில்லை. "ஞாயித்துக்கெயம வரைக்கும் பொறு நைனா. தோத்தா மூட்டையோட தூக்கினு போய் உருக்கிக்கோ. ஜெயிச்சா ஒரு குண்டு கூடக் கெடையாது." அவனும் வீம்புக்காரன்தான். "சரி, பேச்சு மாறக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று நாங்கள் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

இறுதிப் போட்டியில் எதிரே உட்கார்ந்தவர் ஒரு கஸ்டம்ஸ் அதிகாரி. நல்ல மனிதர், நல்ல ஆட்டக்காரர். அவருடையது ரோமாபுரிப் படை. கூட்டாளி ஆபீஸ் நண்பர் ஒருவர், அளப்பதோடு சரி. யானையை நடுவில் முன்னால் நிறுத்துவதுதான் எல்லோருடைய வழக்கம். அண்ணி பாதியை இடது ஓரத்திலும் பாதியை வலது ஓரத்திலும் நிறுத்தினாள், நடுவில் சிப்பாய்கள் மட்டும். இடது பக்கம் என் பொறுப்பு, வலது அவளுடையது. "கரவலடி இது. புரியுதா?" என்று காதில் சொன்னாள். கரைவலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். நடுவில் பை மாதிரி இருப்பது மடி, மீன் வந்து சேருமிடம். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் கயிறு சிக்கினால் மறு பக்கமும் நின்றே தீர வேண்டும். முந்தினால் மீன் போச்சு.

சிக்கல் என் பக்கம் வந்தது. என் யானை ஒன்றுக்கு ஈட்டிக் காயம் பட்டது. காயம்பட்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று பகடைதான் சொல்லும். பாழாய்ப்போன பகடை, பின்பக்கம் என்று சொல்லிவிட்டது! என் சிப்பாய்களையே மிதித்துக்கொண்டு போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே நேரம் அண்ணியின் பக்கம் வழி திறந்து கிடந்தது, ஒரே பாய்ச்சலில் எதிரித் தளபதியைப் பிடித்திருக்கலாம். அவளோ தன் யானைகளை அப்படியே நிறுத்தினாள். ஹாலே முணுமுணுத்தது. "பயந்துட்டாங்கடா," என்று யாரோ சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "நீ சிக்க எடு. நான் நிக்கிறேன்," என்றாள் என்னிடம்.

கஸ்டம்ஸ்காரரும் பயம் என்றுதான் நினைத்தார். எங்கள் நடுப்படை பின்வாங்கப் பின்வாங்க, பின்னால் வைத்திருந்த படையையும் நடுவிலேயே கொண்டுவந்து கொட்டினார். நான் வரிசையைச் சரிசெய்து அண்ணிக்கு நேராக வந்து சேர்ந்தேன். அவள் ஒரு தரம் மேசையைப் பார்த்தாள், ஒரு தரம் என்னைப் பார்த்தாள். "இப்ப இழுடி!" இரண்டு பக்கத்து யானைகளும் ஒரே சமயத்தில் உள்ளே மடங்கின. ரோமாபுரிப் படைக்குத் திரும்பக்கூட இடமில்லை. அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். "உங்க நடுப்படை ஓடுதுன்னு நெனச்சேம்மா." அண்ணி, "ஓடல சார், மடி விட்டோம்," என்றாள். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

தம்பி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். "பேச்சு பேச்சுதான் அக்கா. வலைக்கு நான் கல்லு கட்டிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். அண்ணி அவனைக் கூப்பிட்டாள். படையை மூட்டையில் போட்டு அவன் தோளிலேயே தூக்கி வைத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா அண்ணி? இதுக்காடி இந்தப் பாடு?" என்று முதல் தடவையாக அவளை 'டி' போட்டே கத்திவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. "தோத்துட்டுக் குடுத்தா அது அவன் எடுத்துகினு போனது. ஜெயிச்சுட்டுக் குடுத்தா நான் குடுத்தது," என்றாள். அவனிடம் மட்டும் விரலை ஆட்டினாள்: "உருக்கின, தொலைச்சுப்புடுவேன். அப்பிடியே ஓட்டை போட்டுக் கட்டு. ஜெயிச்ச படை அது."

அப்படியே கட்டினான். நெட்டுக்குப்பத்துக் கடலில் எத்தனையோ வருஷம் அந்த யானைகள் வலையின் அடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்வந்தன. அந்த வலை ஓய்ந்தபோது தம்பி மகன் ஒரு யானையை எனக்கு அறுத்துக் கொடுத்தான். நாங்கள் மரத்தில் இன்னொரு படை செய்து மறுபடியும் ஜெயித்தோம், அதை யாராவது கேட்டால் சொல்வேன்.

அண்ணிக்கு இப்போது முட்டி வலி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவாள். வந்ததும் காபிகூடக் கேட்கமாட்டாள், முதலில் மேசைக்குப் போவாள். தூசி தட்டும்போது நான் யானையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருப்பேன். அதை வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உட்காருவாள். போன வாரம் கூட வந்திருந்த அவள் பேரன், "பாட்டி, இதுக்குத் தும்பிக்கையே இல்லியே?" என்று கேட்டான். அவள் அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"தும்பிக்கைய கடல் எடுத்துகிச்சு. கனத்தப் பாரு, அப்பிடியே கீது."