தொடாமல் இருக்கத் தெரியாத எவாரிஸ்தோ

எவாரிஸ்தோ சுருட்டைக் காதோரம் வைத்து இரண்டு விரல்களால் மெல்ல உருட்டுகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தினமும் நடக்கிற பூசைதானே. சில நாள் "பேசுது" என்கிறார். சில நாள் "ஊமையா இருக்கு" என்கிறார். இரண்டில் எது நல்லது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

எங்கள் ஊர் தம்போரிலில், சுருட்டுப் பட்டறையில் இரண்டு பேருக்கு ஒரு மேசை. அவர் உள்ளிலைகளை மடித்து, கட்டிலையால் சுற்றி, சுருட்டின் உடம்பைச் செய்து தருவார். நான் அதன் மேல் மேலிலையைச் சுற்றி, தலையில் தொப்பி ஒட்டுவேன். உடம்பு அவருடையது, தோல் என்னுடையது. அதனால் ஒரு சுருட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தால் எங்களுக்குள் வழக்கு வந்துவிடும். "தோல் தடிப்பு, நூரிஸ்" என்பார் அவர். "எலும்பு கோணல், அண்ணே" என்பேன் நான்.

அவர் கைகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே எதிரில் நிற்பவனின் சட்டைக் காலரை நேராக்குவார். ரொட்டிக் கடையில் ரொட்டியை அமுக்கிப் பார்ப்பார். சந்தையில் வெண்ணெய்ப்பழம் விற்கிறவள் அவர் தெருமுனையில் தெரிந்ததுமே கூடையின் மேல் துணியைப் போட்டுவிடுவாள். அச்சுப் பலகையில் அழுந்திக் கிடக்கும் உடம்புகளை நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும், தழும்பு விழாது. அவர் போகும்போதும் வரும்போதும் திருப்புவார். பட்டறையில் அது குணமாகவே இருந்தது. வீட்டில்தான் வினையாயிற்று.

நாங்கள் சுருட்டு செய்கிற ஊர்க்காரர்கள். சுருட்டைச் சேமிக்கிற ஊர்க்காரர்கள் அல்ல. காலையில் உருட்டியதை மாலையில் பற்றவைத்துவிடுவோம். செய்த சுருட்டுகளை அடுக்கி ஆறப்போடுகிற தேவதாரு அறை முதலாளியின் பொறுப்பு. அதன் பக்கம் எங்களுக்கு வேலையில்லை. எவாரிஸ்தோ வீட்டில் இரவுச் சாப்பாட்டைத் தாண்டி உயிரோடிருந்த சுருட்டு எதுவும் இல்லை. தொழிலில் தலை நரைத்த இந்த மனிதர், சுருட்டைப் பத்திரப்படுத்துவதில் நேற்றுப் பிறந்த குழந்தை.

அவருடைய மகள் யுதெல்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா அப்போலினார், ஊரார் மரியாதையாகத் 'தோன்' சேர்த்து அழைப்பவர், வில்லா கொன்சாலெஸ் பக்கம் புகையிலை பயிரிடுகிறவர். இலை வளர்க்கிறவர்களுக்கு உருட்டுகிறவர்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம். நிச்சயத்தன்று ஆட்டுக்கறியைச் சுவைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"எங்க இலை நல்ல புத்தியோடதான் கெளம்புது, சம்பந்தி. உங்க ஊர்க் கை பட்டதும் அதுக்குக் கோணப் புத்தி வந்துடுது."

எல்லோரும் சிரித்தார்கள். எவாரிஸ்தோவும் சிரித்தார். மறுநாளே அப்போலினாரின் வயலுக்குப் போய், அவர் கையாலேயே இலை வாங்கி வந்தார். கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பன் தன் கையால் செய்த சுருட்டைக் கொடுப்பது எங்களிடம் வழக்கம். சம்பந்தியின் இலையில், சம்பந்தியின் வாயில், சுருட்டு நேராக எரிய வேண்டும். அதுதான் பதில். உடம்பை அவர் செய்தார், தோலை நான் சுற்றினேன். இரண்டு பெட்டி நிறைய. அன்று எங்களுக்குள் வழக்கே வரவில்லை, அவ்வளவு கவனம்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். கல்யாணம் நவம்பருக்குத் தள்ளிப்போனது. "கால் கூடிரும். அதுவரைக்கும் சுருட்டை என்ன பண்றது?" என்று மேசையில் வந்து உட்கார்ந்தார் எவாரிஸ்தோ.

அவர் வீட்டில் தேவதாரு மர அலமாரி ஒன்று உண்டு. மனைவி ஒத்திலியா தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதில் ஒரு தட்டைக் காலிசெய்து பெட்டிகளை வைத்தார். முதல் ஞாயிறு ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். அந்துருண்டை மணத்தது. ஒத்திலியாவின் பட்டுச் சட்டைகள் முழுவதும் அலமாரியிலிருந்து வெளியேறிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. அந்துருண்டைகள் தெருவுக்குப் போயின. அடுத்த வாரம் ஒத்திலியா வாசலில் நின்று என்னிடம் முறையிட்டாள்:

"பூசையில பக்கத்துல உக்காந்தவ மோந்து பாத்துட்டுக் கேக்குறாடி நூரிஸ், 'ஏன் ஒத்திலியா, நீயும் இழுக்க ஆரம்பிச்சிட்டியா'ன்னு. நான் என்னன்னு சொல்ல? என் சட்டைய மாட்டின ஆணிக்குக் கீழதான் இந்த மனுசன் சோதனை பண்றாரு."

ஞாயிறுதோறும் சோதனை தொடர்ந்தது. ஆனால் சுருட்டுகள் நாளுக்கு நாள் மோசமாயின. ஒன்று பாதியில் அணைந்தது. ஒன்றில் மேலிலை விரலளவு வெடித்தது. ஒன்று ஒரு பக்கம் மட்டும் எரிந்து, ஓடம்போலக் குழிந்து நின்றது. "இப்பிடியே போனா கல்யாணத்துக்குள்ள எல்லாத்தையும் சோதிச்சே முடிச்சிருவாரு" என்றாள் ஒத்திலியா.

ஒரு திங்கட்கிழமை கைக்குட்டையில் சுற்றிய பாதிச் சுருட்டோடு பட்டறைக்கு வந்தார். இறந்துபோன குருவியைக் காட்டுவதுபோல மேசையில் விரித்தார்.

"பாரு நூரிஸ். உன் தோல்."

"உங்க எலும்பு, அண்ணே."

"மேல வெள்ளையாப் பூ வேற பூத்திருக்கு. அது நல்ல அடையாளம்தான? வெலை கூடின சுருட்டுலதான் பூக்கும்."

துடைத்துப் பார்த்தேன். பூவென்றால் தூளாகப் போய்விடும். இது பஞ்சுபோல இழுபட்டது; துடைத்த இடத்தில் பச்சைக் கறை நின்றது. பூசணம். பிறைக்கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளிலைகள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கிடந்தன. காற்று போக வழியில்லை. நெருப்பு எங்கே போகும்? மடிப்பில் குறையில்லை. தோலிலும் குறையில்லை.

"எங்க வச்சீங்க?"

"அலமாரியிலதான்."

"கூட என்ன வச்சீங்க?"

கொஞ்ச நேரம் தன் மூக்கைத் தடவினார். "ஸ்பாஞ்சு. தண்ணியில நனைச்சு. தெனமும் மாத்துறேன், சுத்தமான தண்ணிதான்."

எங்கள் பட்டறைக்கு வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். வாசலிலிருக்கும் கடைப்பெண் அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அதையே ஒப்பிப்பாள்: பெட்டிக்குள் ஈரம் வையுங்கள், இல்லையென்றால் காய்ந்துவிடும். பனியில் கதவடைத்து, அடுப்பு மூட்டி, காற்றையே வறுத்தெடுக்கிற நாட்டுக்காரர்களுக்கு அது சரி. வருடக்கணக்காக மேசையிலிருந்தபடி அதைக் கேட்டுக்கேட்டு எவாரிஸ்தோவுக்கு மனப்பாடம். தம்போரிலில், மழைக்காலத்தில், உப்புக் குப்பியே கண்ணீர் விடுகிற ஊரில், அவர் ஸ்பாஞ்சு நனைத்து வைத்திருக்கிறார்.

நான் சிரித்தேன். மேசைகள் சிரித்தன. "வாத்தைக் குளிப்பாட்டின ஆளு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்தார், பிறகு எட்டாக.

"அப்போலினார் முன்னாடி இது இப்பிடி எரிஞ்சா, அந்த ஆளு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு, நூரிஸ். எம் பொண்ணு அந்த வீட்டுல இருந்து கேக்கணும்."

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு பெட்டி முழுவதும் பூசணம், அதைக் கழித்தோம். இன்னொன்றில் சுருட்டுகள் வீங்கியிருந்தன, ஆனால் பிழைக்கும். ஸ்பாஞ்சை எடுத்துப் பாத்திரம் துலக்க ஒத்திலியாவிடம் கொடுத்தேன். சுருட்டுகளை நெருக்காமல் காய்ந்த தேவதாருப் பலகைமேல் பரப்பி, அலமாரியைச் சாத்தினோம். மெதுவாக, உள்ளும் புறமும் ஒரே சீராக ஈரம் குறைய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

"இனி என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"ஒண்ணுமேவா?"

"தெறக்கக் கூடாது. தொடக் கூடாது. அமுக்கக் கூடாது. காதுல வச்சுக் கேக்கக் கூடாது. நீங்க தெறக்குற ஒவ்வொரு தடவையும் மழை உள்ள போகுது."

மருத்துவர் காலை வெட்டச் சொன்னதுபோல முகம் போனது. அன்றிரவே ஒத்திலியா அலமாரிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு கோத்துக்கொண்டாள். எவாரிஸ்தோ அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரப் பழகினார். கதவை விரலால் தட்டிப் பார்ப்பார். "கைய எடு, மனுசா" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். "தொடைக்கடியில வை." வைப்பார். பட்டறையிலும் கை துறுதுறுத்தால் தானாகவே தொடைக்கடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். சந்தைக்காரி முதல்முறையாகக் கூடையைத் திறந்தே வைத்திருந்தாள்.

நவம்பரில் கல்யாணம் நடந்தது. முற்றத்தில் தகரக் கூரைமேல் மழை. அக்கார்டியன்காரன் அதைவிடச் சத்தமாக வாசித்தான். மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே ஆடினான். சாப்பாடு முடிந்ததும் ஒத்திலியா சாவியைக் கழற்றினாள். சுருட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தாள்.

தோன் அப்போலினார் ஒன்றை எடுத்தார். மூக்கில் வைத்தார். அடியை நெருப்பில் திணிக்காமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச்சுற்றி வாட்டிப் பற்றவைத்தார். முதல் புகை வந்தது. எவாரிஸ்தோ எதிர் நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நெருப்பு ஒரு பக்கம் நீண்டது. நானும் பார்த்தேன், என் தோலும்தானே அது. எவாரிஸ்தோவின் தோள்கள் உயர்ந்தன. கை வெளியே வந்து பாதி மேசை தாண்டியது.

"ஏங்க" என்றாள் ஒத்திலியா, மெதுவாக. சம்பந்தி முன்னால் அவள் 'மனுசா' என்று சொல்வதில்லை.

கை திரும்பித் தொடைக்கடியில் போயிற்று.

அப்போலினார் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. எரியாத பக்கம் கீழே வரும்படி சுருட்டை விரல்களில் திருப்பிக்கொண்டு, இழுக்காமல் கொஞ்சம் பொறுத்தார். யுதெல்கா வந்து அவர் தட்டில் கேக் வைத்துவிட்டுப் போனாள். அவர் மழையைப் பற்றிப் பேசினார், விலையைப் பற்றிப் பேசினார். பின்தங்கியிருந்த நெருப்பு மெல்ல வந்து சேர்ந்தது. வட்டம் கூடியது. சாம்பல் வெண்மையாக, நேராக வளர்ந்தது. அரை விரல் நீளம், பிறகு இன்னும் கொஞ்சம். பேச்சை நிறுத்தி, சாம்பலைத் தட்ட இடம் தேடி மேசையைச் சுற்றிலும் பார்த்தார்.

எவாரிஸ்தோ வலது கையைத் தொடைக்கடியிலிருந்து உருவி, உள்ளங்கையை விரித்து, அவர் முன்னால் நீட்டினார்.