உள்தாழ்ப்பாள் இல்லாத வண்டி வீடு

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய வண்டி வீட்டைப் பிடித்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுப்பது. மதுக்கரையில் ரோடு போட வந்த காண்ட்ராக்டர் குடியிருந்தது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, பக்கவாட்டில் ஒரு ஜன்னல். "கொடுமுடி போயி காவேரியோரமா நிறுத்திச் சமைச்சுச் சாப்புடலாம் அம்மணி" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் தன் லேத் பட்டறையைத் தவிர அவர் என்னை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. நம்பித் தொலைத்தேன்.

வீட்டுக்கு இழுத்து வரும் நாளன்று மதுக்கரையில் விடிந்ததிலிருந்து வேலை. சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்தார். டயர் இரண்டையும் மாற்றினார். காரோடு கோக்கும் கொக்கியைக் கடையில் வாங்கினால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். சொந்த லேத்தில் கடைந்ததுதான். பின்விளக்கு எரிகிறதா என்று நான் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தேன். மீதி நேரம் உள்ளே சிமெண்ட் தூசியைத் தேய்த்தேன்.

ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளும் என்று ஒரு பெரிய தாழ்ப்பாளை முடுக்கினார். வெளிப்பக்கம் மட்டும்.

"ஏனுங்க, உள்ள ஒண்ணு வேண்டாங்களா?"

"கோடவுனுக்கு எவனாச்சும் உள்தாழ்ப்பா வெப்பானா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆக, பட்டறை மோட்டார் சாமான் அடுக்கத்தான் இந்த வண்டி! "நல்லா அடுக்குங்க. நான் ஊட்டுக்கு பஸ்ஸுல போய்க்கறனுங்க" என்று கத்திவிட்டு, துடைப்பத்தை எடுக்க உள்ளே ஏறினேன். அவர் அந்தப் பக்கம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். ராகுகாலம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டுமே! நான் கட்டிலடியில் குனிந்திருந்த நேரம் பார்த்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, காரை எடுத்துவிட்டார்.

தட்டினேன். கத்தினேன். வாயில் வந்தபடி திட்டினேன், ங்க போட்டு மரியாதையாகத்தான். அந்த அம்பாசடர் போட்ட சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அலுத்துப்போய்க் கட்டிலில் கால் நீட்டி ஜன்னலைத் திறந்தேன். உக்கடம் குளத்துக் காற்று முகத்தில் அடித்தது. சொல்ல வெட்கம்தான், நன்றாக இருந்தது.

சிக்னலில் பக்கத்து டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள், "ஏனுங்க, இதுல எங்கீங்க போறீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் என்றா சொல்வேன்?

"கொடுமுடிக்குங்க!" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் கத்தவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டு முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ பஸ்ஸுல போயிட்டீன்னு நெனச்சனே... எறங்கு அம்மணி."

இறங்கினால் நாளைக்கே என் கட்டிலில் மோட்டார் படுத்திருக்கும்.

"எறங்க மாட்டனுங்க. கொடுமுடிக்குப் போறேன்னு ஒரு பஸ்ஸு ஆளுககிட்டச் சொல்லிப்போட்டேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஒரு காப்பியாச்சும் குடிச்சுட்டுப் போலாமா?"

"இங்கயே போட்டுக் கொண்டாங்க. வரும்போது உள்தாழ்ப்பா ஒண்ணும் எடுத்துட்டு வாங்க."