எரிந்த சாணமும் சாமைக் கொல்லையும்

நடந்தது இந்த வரிசையில்:

1. தை மாதக் குளிரில் ஜவ்வாது மலைக்குப் போய், எங்கள் திட்டத்துக்காகச் சாண எரிவாயுக் கலன் கட்ட ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டோரத் தொழுவத்தில் எட்டு மாடுகள். ஒரு குடும்பத்தின் சமையலுக்குத் தாராளம் என்று படிவத்தில் குறித்துக்கொண்டேன்.
2. அடிவாரத்து ஆலங்காயத்தில் செய்த இரும்பு டிரம்மை, வண்டிப் பாதை முடிந்த இடத்திலிருந்து மூங்கிலில் கட்டி ஊரார் தூக்கி வந்தார்கள்.
3. குழியில் சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றி, டிரம்மை மேலே கவிழ்த்தோம். முதலில் சேரும் வாயு எரியாது. அதை வெளியே விட்டேன். அடுத்தது நீலமாக எரிந்தது.
4. வாயு நிறைந்து மேலே மிதந்த டிரம், சித்திரையில் இறங்கத் தொடங்கியது. வைகாசியில் அடுப்பு அணைந்தது.

குழாயில் கசிவு என்று நினைத்தேன். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகுதான் தொழுவத்தைப் பார்த்தேன். காலி.

சாமை விதைக்கும் முன் மாடுகளைக் கொல்லையிலேயே, அதாவது ஊருக்கு வெளியே உள்ள மானாவாரி நிலத்திலேயே, பட்டி போட்டு அடைப்பது அவர்கள் வழக்கம். சில நாளைக்கு ஒருமுறை பட்டியை நகர்த்தினால் நிலம் முழுக்கச் சாணம் விழுந்துவிடும். யாரும் சுமக்க வேண்டியதில்லை. அருமையான ஏற்பாடு. என் படிவத்தில் 'மாடுகள் எத்தனை' என்ற கட்டம் இருந்தது. 'எந்த மாதம், எங்கே' என்ற கட்டம் இல்லை.

பாதி மாடுகளை வீட்டில் கட்டுங்கள், கலனிலிருந்து வழியும் கரைசல் எருவாகக் கொல்லைக்கே போகும் என்றேன். வீட்டுக்காரர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எரிஞ்ச சாணியில இன்னா சத்து இருக்கும் டீச்சரம்மா? சாம்பல்தானே?"

படித்த பெண் என்றால் அங்கே டீச்சர்தான், நான் திருத்தவில்லை. எரிவது வாயு மட்டும், சத்து கரைசலில் தங்கிவிடும் என்று விளக்கினேன். அவர் அசையவில்லை. சாமை பொய்த்தால் அந்த வருடம் அந்த வீட்டில் சோறு குறையும். எனக்கு ஓர் அறிக்கை குறையும், அவ்வளவுதான்.

முடிவெடுத்தது அவர் மனைவி. மழைக்காலம் முழுக்க ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவர் அந்த அக்கா. அந்த நீலச் சுடரை விட்டுவிட அவருக்கு மனமில்லை. கொல்லையைப் பாதியாகப் பிரித்தார். மேல் பாதிக்குப் பட்டி, கீழ்ப் பாதிக்குக் கலன் எரு.

"கீழ்ப்பாதி எம்பொறுப்பு," என்றார் கணவரிடம். "வெளையலன்னா டிரம்ம நிமுத்தி மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா வெச்சிக்க."

கரைசலைச் சுமப்பது பெரும்பாடாக இருந்தது. அதற்கும் அவரே வழி கண்டார்: சருகு நிரப்பிய பள்ளத்தில் விட்டு, உலர்ந்ததும் கூடையில் எடுத்துப் போனார்.

ஆடியில் விதைத்தார்கள். களையெடுப்புக்கு நான் போனபோது மேல் பாதியில் காட்டுப்புல் மண்டிக் கிடந்தது. மாடுகள் மேய்ந்த புல்லின் விதைகள் சாணத்தோடு வந்து முளைத்திருந்தன. கீழ்ப் பாதியில் பாதிக்களைகூட இல்லை; கலனுக்குள் கிடந்ததில் பெரும்பாலான விதைகள் செத்துவிட்டன. இந்த நன்மை என் பட்டியலிலேயே இல்லை. குனிந்து களையெடுத்த அந்த அக்காதான் முதலில் கண்டுபிடித்தார்.

அறுப்பின்போது வீட்டுக்காரர் இரு பக்கத்துக் கதிர்களையும் உருவி, இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்து நெடுநேரம் பார்த்தார். கீழ்ப் பாதிக் கதிரில் மணி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"அடுத்த வருசம் இன்னும் ரெண்டு மாட்ட வூட்லயே கட்டு," என்றார் மனைவியிடம்.

"தண்ணித் தொட்டி இன்னா ஆச்சு?"

அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அன்று ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சந்தோஷத்தில் உட்காரத் தோன்றவில்லை.

இப்போது அந்த ஊரில் மூன்று கலன்கள் எரிகின்றன. மார்கழிக் குளிரில் வாயு குறைகிறது. ஒரு வேளைக்கு விறகு வேண்டும். கோடையில் கரைக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும். மற்ற மாதங்களில் மூன்று வீட்டிலும் விறகு எரிவதில்லை. என் படிவத்தில் 'எந்த மாதம், எங்கே' என்று ஒரு கட்டம் கூடியிருக்கிறது.